ஐயோமெகா ஜிப் 100 ஸ்கஸி டிரைவ்: பழைய மேக்குக்கும் ஆப்பிள் டூ-ஜிஎஸ்ஸுக்கும் இன்றைக்கும் வாங்கலாமா?

1995-ல் கடைக்கு வந்த ஐயோமெகா ஜிப் 100 டிரைவைப் பற்றி எழுதுகிறேன்; கழற்றி மாட்டும் 100 மெகாபைட் டிஸ்குகளைப் படித்து எழுதும் பெட்டி அது. அதிலும் குறிப்பாக ஸ்கஸி மாடல், அதாவது டிஸ்க், ஸ்கேனர் போன்றவற்றைச் சங்கிலிபோல் கணினியோடு கோக்கும் பழைய இணைப்பு முறையில் ஓடுவது. இவ்வளவு பழைய பொருளுக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இதை இன்றும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், வாங்கிய பிறகு எப்படி நடத்துவது என்று தெரியாமல் டிஸ்கையும் டிரைவையும் சேர்த்துப் பாழாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான்.

என் மேசையில் இரண்டு இயந்திரங்கள். ஒன்று 1989-ல் வந்த மேக்கின்டாஷ் எஸ்இ/30. இன்னொன்று ஆப்பிள் டூ-ஜிஎஸ், அதன் ரோம் 3 வகை, அதுவும் 1989-ல் வந்ததுதான். இரண்டுமே வேலை செய்கின்றன, இரண்டிலும் வாரம் தவறாமல் உட்காருகிறேன். இரண்டுக்கும் நடுவில் இந்த ஜிப் டிரைவ்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பழைய இயந்திரங்களுக்கு இடையே கோப்புகளை உருக்குலையாமல் கொண்டுபோக, பழைய ஜிப் டிஸ்குகளில் மாட்டிக்கொண்டிருப்பவற்றை மீட்க, இயந்திரத்தை அதிலிருந்தே பூட் செய்ய, இதைவிட எனக்குப் பிடித்த சாதனம் இல்லை. உங்கள் கோப்பின் ஒரே பிரதியை ஜிப் டிஸ்கில் வைத்திருக்க நினைத்தால் மட்டும் வேண்டாம்.

வாங்கும் இடத்திலிருந்தே கவனம் தொடங்க வேண்டும். நான் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் இருக்கிறேன். இங்கே 2018 ஏப்ரலில் மூடப்பட்ட வியர்ட்ஸ்டஃப் வேர்ஹவுஸ் என்ற பழைய மின்னணுச் சாமான் கடை இருந்தவரை இந்த மாதிரிச் சாமான்களுக்கு அலைய வேண்டியதே இல்லை; அலமாரி அலமாரியாகக் கேபிளும் டிரைவும் அடுக்கியிருப்பார்கள். குப்பர்டினோவில் டி ஆன்சா கல்லூரி வாகன நிறுத்தத்தில் விடியற்காலையில் கூடிய மின்னணுச் சந்தையில்தான் என் டிரைவ் கிடைத்தது. ஆப்பிள் பிறந்து வளர்ந்த வட்டாரம் என்பதால் மேக் சாமான் அங்கே சாதாரணமாகக் கண்ணில் படும். கையில் டார்ச் விளக்கோடு போகிறவர்களுக்குத்தான் நல்ல பொருள். இப்போது பெரும்பாலும் இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அங்கே படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதில் ஓர் ஆபத்து உண்டு.

ஜிப் 100 வெளி டிரைவில் ஆரம்பத்திலேயே இரண்டு வகை. ஒன்று பிசியின் பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் பேரலல் மாடல். மற்றொன்று ஸ்கஸி. இரண்டும் ஒரே கருநீலப் பெட்டி, ஒரே அளவு, இரண்டிலும் பின்னால் 25 முனை இணைப்பு. மேக்கின் வெளி ஸ்கஸி போர்ட்டும் அதே 25 முனைதான். ஆகவே பேரலல் மாடல் மேக்கில் அழகாகப் போய் உட்கார்ந்துவிடும், ஆனால் வேலை செய்யாது. மின்சமிக்ஞைகள் வேறு என்பதால் போர்ட்டுக்கே கேடு வரலாம். அடையாளம் இதுதான்: ஸ்கஸி மாடலின் பின்பக்கத்தில் 5, 6 என்று எண் போட்ட ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும், பக்கத்தில் டெர்மினேஷனுக்கு (சங்கிலியின் கடைசி முனையில் சமிக்ஞை எதிரொலிக்காமல் முடித்துவைப்பதற்கு) இன்னொரு ஸ்விட்ச். இந்த இரண்டும் கண்ணில் படாத டிரைவை மேக்குக்காக வாங்காதீர்கள். விற்பவரிடம் பின்பக்கப் படம் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அடுத்த ஆளைப் பாருங்கள். ஜிப் பிளஸ் என்று பின்னால் வந்த மாடல் பேரலல், ஸ்கஸி இரண்டையும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அது கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் ஸ்விட்ச் வைத்து நானே தீர்மானிக்கிற பழைய மாடல்தான் எனக்கு நிம்மதி.

அடுத்தது மின் அடாப்டர். 5 வோல்ட், 1 ஆம்பியர். டிரைவில் பவர் ஸ்விட்ச் கிடையாது, அடாப்டரைச் சொருகினால் உயிர் வந்துவிடும். எனக்கு விற்றவர் கொடுத்த அடாப்டர் வேறு ஏதோ கருவியுடையது, 9 வோல்ட். 'டெஸ்ட் பண்ணியாச்சு' என்று ஒட்டிய காகிதம் வேறு. டிரைவின் அடியில் அச்சிட்டிருப்பதையும் அடாப்டரில் அச்சிட்டிருப்பதையும் வீட்டில் வைத்து ஒத்துப் பார்த்தபோது தெரிந்தது. சரியான அடாப்டரைத் தனியாக வாங்கினேன். டிரைவோடு வரும் அடாப்டரை, அது யார் கொடுத்ததாக இருந்தாலும், எழுத்தைப் படிக்காமல் சொருகக் கூடாது.

கேபிளிலும் ஒரு பொறி இருக்கிறது. தேவை 25 முனைக்கு 25 முனை, இரு பக்கமும் ஆண் இணைப்பு. பார்க்க அதே மாதிரி இருக்கும் பழைய மோடம் கேபிள்கள் ஏராளமாகக் கிடைக்கும். பலவற்றில் உள்ளே எல்லாக் கம்பியும் இருக்காது. அதைப் போட்டுவிட்டு டிரைவ் செத்துவிட்டது என்று முடிவு கட்டியவர்களைச் சந்தித்திருக்கிறேன். ஜிப்போடு வந்த அசல் கேபிள் சேர்ந்து கிடைத்தால் இரண்டு டாலர் கூடக் கொடுத்தாவது வாங்கிவிடுங்கள்.

எஸ்இ/30-ல் மாட்டுவது எளிது. சங்கிலியில் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் வேண்டும். மேக் தன் ஸ்கஸி எண்ணாக 7-ஐ வைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் 0. ஜிப்பை 5-லோ 6-லோ வைக்கலாம், வேறு எண் கிடையாது. சங்கிலியில் ஜிப்தான் கடைசி என்றால் டெர்மினேஷனை ஆன் செய்ய வேண்டும். ஸ்கேனரோ சிடி டிரைவோ அதற்குப் பின்னால் இருந்தால் ஆஃப். இதைச் சரியாக வைக்காவிட்டால் டிஸ்க் தெரியும், சின்னக் கோப்பு நகரும், பெரிய கோப்பில் மேக் உறைந்து நிற்கும். ஒன்றுமே தெரியாமல் போனால்கூடக் காரணம் தேடிவிடலாம். பாதி வேலை செய்கிற ஸ்கஸிதான் ஆளைச் சுற்றவைக்கும். இயந்திரம் ஓடும்போது ஸ்கஸி கேபிளைக் கழற்றவோ மாட்டவோ கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி பழக்கத்தில் கை போய்விடும்.

மேக்கில் டிரைவரை, அதாவது கருவியை இயக்கும் நிரலைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய மேக் பூட் ஆகும்போது ஸ்கஸி சங்கிலியை ஒரு சுற்றுச் சுற்றி, அங்கே இருக்கும் டிஸ்குகளில் எழுதியிருக்கும் டிரைவரை எடுத்துக்கொள்ளும். மேக்குக்காக ஃபார்மட் செய்த ஜிப் டிஸ்கிலேயே அந்த டிரைவர் இருக்கிறது. ஆகவே டிஸ்கை உள்ளே தள்ளிவிட்டு மேக்கை ஆன் செய்தால், எதையும் இன்ஸ்டால் செய்யாமலேயே டெஸ்க்டாப்பில் வந்து நிற்கும். ஆன் செய்த பிறகு டிஸ்க் போட வேண்டும் என்றால் ஐயோமெகா டிரைவர் எக்ஸ்டென்ஷன் சிஸ்டம் ஃபோல்டரில் இருக்க வேண்டும். நான் வைத்திருப்பது 4.2 பதிப்பு. மேக்கின் இயங்குதளமான சிஸ்டம் 7-ல் எந்தத் தொந்தரவும் கொடுத்ததில்லை. இன்னொருவர் மேக்கில் தற்காலிகமாகப் பயன்படுத்த கெஸ்ட் என்று ஒரு சிறு நிரலும் ஐயோமெகாவே கொடுத்தது. நண்பர் வீட்டு மேக்கில் எதையும் மாற்றாமல் டிஸ்கைப் படித்துவிட்டு வர அது மிகவும் உதவும்.

பூட் செய்வதுதான் எனக்கு இதில் மிகப் பெரிய பயன். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்குகள் பலவற்றில் உள்ளே தலையை நிறுத்தும் ரப்பர் துண்டு இளகிப் பசையாகி, தலை அதிலேயே ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒரு நாள் காலையில் ஹார்ட் டிஸ்க் எழுந்திருக்காவிட்டால், சிஸ்டம் ஃபோல்டர் உள்ள ஒரு ஜிப் டிஸ்க் போதும். கமாண்ட், ஆப்ஷன், ஷிஃப்ட், டிலீட் நான்கையும் அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் மேக் உள் டிஸ்கை விட்டுவிட்டு வெளியே தேடும். ஆப்பிள் இலவசமாக விட்ட சிஸ்டம் 7.5.3 பத்தொன்பது துண்டுகளாக வரும். அதை ஃபிளாப்பி ஃபிளாப்பியாக நகர்த்தியவர்களுக்குத்தான் அத்தனையையும் ஒரே டிஸ்கில் போட்டு இன்ஸ்டாலரைத் தட்டுவதன் அருமை புரியும்.

கொள்ளளவு 100 மெகாபைட் என்று பெட்டி சொல்கிறது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட் கொண்ட 1,96,608 பிளாக்குகள். கணக்குப் போட்டால் 10 கோடியே 6 லட்சத்துச் சொச்சம் பைட். மேக் காட்டும் கணக்கில் 96 மெகாபைட்டுக்குச் சற்றுக் கீழே. இந்த 96 என்ற எண் ஆப்பிள் டூ-ஜிஎஸ்ஸில் பயன்படும், பின்னால் சொல்கிறேன். வேகம் ஸ்கஸியில் வினாடிக்கு ஒரு மெகாபைட் அளவுக்கு வருகிறது. எஸ்இ/30-ல் முன்பு இருந்த சொந்த ஹார்ட் டிஸ்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கையில் தெரியவில்லை. டிஸ்கிலிருந்தே மேக்ரைட் என்ற எழுதும் நிரலைத் திறந்து வேலை செய்ய முடிகிறது.

நான் ஜிப்பை வெறும் பழமைப் பிரியத்தால் வைத்திருக்கவில்லை என்பதற்கு இனிச் சொல்வதுதான் காரணம்.

எங்கள் வட்டாரத்தில் வெகுகாலமாக இருக்கும் ஓர் அண்ணா ஒரு செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஜிப் டிஸ்குகள். தொண்ணூறுகளில் அவரும் நண்பர்களும் சேர்ந்து வீட்டில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பிய ஒரு தமிழ்ச் சிற்றிதழின் கோப்புகள். "தூக்கிப் போட மனசு வரலை தம்பி. இதுல என்ன இருக்குன்னாவது பாத்துச் சொல்லு" என்றார். அவர் மகன் ஏற்கெனவே ஒரு கடையில் கொடுத்துப் படித்துப் பார்த்திருக்கிறார். கோப்புகள் பென் டிரைவில் வந்துவிட்டன, ஆனால் திறந்தால் ரோமன் எழுத்துக் குவியல். ஃபாண்ட் கோப்போ பூஜ்யம் பைட். கோப்புகள் கெட்டுவிட்டன என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

கெடவில்லை. இரண்டு விஷயம் நடந்திருக்கிறது. முதலாவது, அந்த இதழ் மயிலை எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம், பிற்காலத்தில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேக்கில் தமிழ் எழுத இலவசமாகக் கொடுத்த எழுத்துரு அது. யூனிகோடில் தமிழ் பரவலாகாத காலம். ரோமன் எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து ஓட்டினார்கள். ஆகவே மயிலை இல்லாத இயந்திரத்தில் அந்தக் கோப்பு ரோமன் குவியலாகத்தான் தெரியும். கோப்பில் பிழை இல்லை, எழுத்துரு உடன் வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது விஷயம் மேக்குக்கே உரியது. பழைய மேக் கோப்புக்கு இரண்டு பகுதி: டேட்டா ஃபோர்க், ரிசோர்ஸ் ஃபோர்க். எழுத்துருப் பெட்டியான சூட்கேஸ் கோப்பில் இருப்பதெல்லாம் ரிசோர்ஸ் ஃபோர்க்கில்தான். டேட்டா ஃபோர்க் காலி. அதை விண்டோஸுக்கோ சாதாரணப் பென் டிரைவுக்கோ அப்படியே நகலெடுத்தால் டேட்டா ஃபோர்க் மட்டும் போய்ச் சேரும். காலியான ஃபோர்க் போனால் பூஜ்யம் பைட்தானே காட்டும். எழுத்துரு டிஸ்கில் பத்திரமாக இருந்தது, நகலெடுத்த வழிதான் அதைத் தொலைத்தது.

அதே டிஸ்கை என் ஜிப்பில் போட்டு எஸ்இ/30-ஐ ஆன் செய்தேன். ஃபார்மட் மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ், டிரைவ் ஸ்கஸி, இயந்திரம் அந்தக் காலத்தது. மயிலை சூட்கேஸை சிஸ்டம் ஃபோல்டரில் இழுத்துப் போட்டேன். தலையங்கம் திரையில் தமிழில் வந்தது. ஒரு பொங்கல் மலர், குழந்தைகளுக்கான பக்கம், யாரோ கைப்பட எழுதிக் கொடுத்ததை இவர்கள் தட்டச்சு செய்த சமையல் குறிப்பு, வாசகர் கடிதங்கள். அண்ணாவை வீட்டுக்கு வரச்சொல்லி எஸ்இ/30-ன் அந்த ஒன்பது அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையின் முன் உட்கார வைத்தேன். ஒரு கவிதையைப் பார்த்துவிட்டு, "இது என் பொண்டாட்டி எழுதினது, பேர் போடக் கூடாதுன்னு சொல்லிட்டா" என்றார். அன்றைக்கு மாலை முழுக்க அவர் எழுந்திருக்கவில்லை.

பிறகு கோப்புகளை வெளியே கொண்டுவந்த முறையையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்குப் பயன்படும். எழுத்துருவையும் கோப்புகளையும் மேக்கிலேயே ஸ்டஃப்இட் என்ற சுருக்கும் நிரலில் கட்டி, அதை பின்ஹெக்ஸ் ஆக்கினேன். அப்படிச் செய்தால் இரண்டு ஃபோர்க்கும் ஒரே சாதாரண எழுத்துக் கோப்பாகிவிடும், எந்த இயந்திரத்துக்குப் போனாலும் சிதையாது. அதோடு ஒவ்வொரு டிஸ்கையும் முழுசாக இமேஜ், அதாவது டிஸ்கின் அச்சு நகலான ஒரே கோப்பு, எடுத்து வைத்தேன். இமேஜ் எடுக்க யுஎஸ்பி ஜிப் டிரைவ் ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். லினக்ஸ் லேப்டாப்பில் சொருகினால் தனி டிரைவர் எதுவும் தேவையில்லை. லினக்ஸ் பழைய எச்எஃப்எஸ்ஸை இன்னும் படிக்கிறது. புதிய மேக்கை நம்பாதீர்கள்: 2009-ல் வந்த ஸ்னோ லெப்பர்டிலேயே பழைய எச்எஃப்எஸ்ஸில் எழுதும் வசதி போய்விட்டது, 2019-ல் வந்த கட்டலீனாவில் படிக்கும் வசதியும் போய்விட்டது. ஆப்பிளின் டிஸ்கை ஆப்பிளாலேயே படிக்க முடியாத நிலை எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இனி ஆப்பிள் டூ-ஜிஎஸ். இதற்குச் சொந்தமாக ஸ்கஸி கிடையாது, கார்டு வேண்டும். என்னிடம் ஆப்பிளின் ஹை-ஸ்பீடு ஸ்கஸி கார்டு இருக்கிறது. ஏழாவது ஸ்லாட்டில் போட்டு, கண்ட்ரோல் பேனலில் அந்த ஸ்லாட்டை 'யுவர் கார்டு' என்று மாற்ற வேண்டும். கார்டில் டிஎம்ஏவுக்கு (பிராசஸர் வழியாகப் போகாமல் நேராக மெமரிக்குத் தரவை அனுப்பும் முறைக்கு) ஒரு ஸ்விட்ச் உண்டு. உங்கள் மெமரி போர்டு டிஎம்ஏவுக்கு ஒத்துவராத வகை என்றால் அதை ஆஃப் செய்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் டிஸ்கில் எழுதும் தரவு குளறிவிடும்.

டூ-ஜிஎஸ்ஸின் புரோடாஸ் கோப்பு முறையில் ஒரு வால்யூம் 32 மெகாபைட்டுக்கு மேல் போகமுடியாது. மூன்று 32 சேர்ந்தால் 96. ஜிப் 100 டிஸ்கை டூ-ஜிஎஸ்ஸின் இயங்குதளமான ஜிஎஸ்/ஓஎஸ்ஸின் அட்வான்ஸ்டு டிஸ்க் யுட்டிலிட்டியில் மூன்றாகப் பிரித்தால் ஏறத்தாழ முழு டிஸ்கும் பயன்பட்டுவிடும். பிரிவுகளின் பட்டியலான பார்ட்டிஷன் மேப்புக்குப் போகிற இடத்தால் மூன்றாவது மட்டும் துளி குறையும். ஒன்றில் ஜிஎஸ்/ஓஎஸ் அடங்கிய சிஸ்டம் 6.0.1, ஒன்றில் நிரல்கள், ஒன்றில் என் மகள் வரைந்த படங்கள். 800 கிலோபைட் ஃபிளாப்பியில் டிஸ்க் மாற்றி மாற்றி பூட் செய்த இயந்திரம் இப்போது ஒரே மூச்சில் ஃபைண்டருக்கு வந்துவிடுகிறது. 2.8 மெகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு இதற்கு மேல் வேகமான டிஸ்க் கொடுத்தும் பெரிய பலன் இருக்காது என்பது என் அனுபவம்.

இதைவிட நல்ல விஷயம், சிஸ்டம் 6 முதல் ஜிஎஸ்/ஓஎஸ் மேக்கின் எச்எஃப்எஸ்ஸையும் படிக்கும், எழுதும். எஸ்இ/30-ல் ஃபார்மட் செய்த ஜிப் டிஸ்கை அப்படியே டூ-ஜிஎஸ்ஸில் போடலாம். ஜிஎஸ்/ஓஎஸ் கோப்புகளுக்கும் ரிசோர்ஸ் ஃபோர்க் உண்டு, அதுவும் பத்திரமாகப் பயணம் செய்கிறது. இணையத்திலிருந்து லினக்ஸ், லினக்ஸிலிருந்து எஸ்இ/30, அங்கே கட்டவிழ்த்து ஜிப், ஜிப்பிலிருந்து டூ-ஜிஎஸ். இந்த வரிசை எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. இங்கேயும் டிஸ்கை உள்ளே வைத்துவிட்டுத்தான் இயந்திரத்தை ஆன் செய்கிறேன்.

அடுத்து, 'கிளிக் ஆஃப் டெத்' என்று உலகம் முழுக்கப் பெயர் எடுத்த கோளாறு. ஐயோமெகா மீது 1998-ல் அமெரிக்காவில் கூட்டு வழக்கே தொடரப்பட்டது. அந்தச் சத்தம் எப்படி வருகிறது என்றால், தலை டிஸ்கில் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதபோது டிரைவ் தலையை முழுசாகப் பின்னுக்கு இழுத்து மறுபடி உள்ளே அனுப்பும். இழுக்கும்போது ஒரு டிக். முடியவில்லை என்றால் மறுபடி டிக், மறுபடி டிக். ஆக, சத்தம் நோயல்ல, அறிகுறி. காரணம் டிஸ்காகவும் இருக்கலாம், டிரைவின் தலையாகவும் இருக்கலாம்.

பயப்பட வேண்டிய இடம் அதன் தொற்றுத்தன்மை. சேதமடைந்த தலை டிஸ்கின் ஓரத்தைக் கிழித்துவிடும். ஓரம் கிழிந்த அந்த டிஸ்கை நல்ல டிரைவில் போட்டால் அதன் தலையும் போகும். 'இந்த டிரைவில் படிக்கவில்லை, உங்கள் டிரைவில் போட்டுப் பார்க்கலாமா' என்று யாராவது கேட்டால் நான் முதலில் டிஸ்கைத்தான் பார்ப்பேன். உலோக மூடியை விரலால் தள்ளி, விளக்கொளியில் உள்ளே இருக்கும் கறுப்புத் தகட்டின் விளிம்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும். பிசிறு, மடிப்பு, கீறல் எது இருந்தாலும் அது எந்த டிரைவுக்குள்ளும் போகக் கூடாது. அண்ணாவின் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தது. அதைத் தனியாக எடுத்து, மேலே பெரிதாக எழுதி ஒட்டி அவரிடமே கொடுத்துவிட்டேன். என் டிரைவ் இதுவரை ஒரு முறைகூடக் கிளிக் அடித்ததில்லை. இந்தச் சோதனையைக் கண்டிப்பாகச் செய்வதும் அதற்கு ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

புதிதாக வாங்கும் டிரைவை முதல் முறை சோதிக்க, போனால் போகட்டும் என்று நினைக்கும் ஒரு டிஸ்கைத்தான் போட வேண்டும். அது ஒழுங்காகப் படித்து எழுதி, வெளியே எடுத்து மூடியைத் தள்ளிப் பார்த்து விளிம்பு நன்றாக இருந்தால், பிறகு நல்ல டிஸ்க். டிரைவைக் கீழே போட்டுவிடாதீர்கள், எழுதிக்கொண்டிருக்கும்போது நகர்த்தாதீர்கள்.

டிஸ்கைப் பற்றி இன்னும் இரண்டு குறிப்பு. தலை எங்கே இருக்கிறது என்று சொல்லும் சர்வோ குறிகள் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டவை. வலுவான காந்தத்தின் அருகில் வைத்து அவை அழிந்தால், வீட்டு டிரைவால் அவற்றைத் திரும்ப எழுத முடியாது, அந்த டிஸ்க் அவ்வளவுதான். ஸ்பீக்கர் பக்கத்தில் அடுக்கி வைக்காதீர்கள். மற்றொன்று, டிஸ்கின் மூலையில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு சிறு புள்ளி இருக்கும். டிரைவ் அதைப் பார்த்துத்தான் இது ஜிப் டிஸ்க் என்று ஏற்றுக்கொள்கிறது. அழுக்குப் படிந்திருந்தால் நல்ல டிஸ்கையும் ஏற்காமல் போகலாம். மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி: புளூஸ்கஸி, ஜூலுஸ்கஸி, ஸ்கஸி-டு-எஸ்டி என்று எஸ்டி கார்டு வைத்து ஓடும் கருவிகள் வந்த பிறகு ஜிப் எதற்கு? நியாயமான கேள்வி. ஹார்ட் டிஸ்குக்கு மாற்றாக எஸ்டி கார்டுக் கருவிதான் சரி, சந்தேகமே இல்லை. என் எஸ்இ/30-க்குள்ளும் இப்போது புளூஸ்கஸிதான் இருக்கிறது. சத்தம் இல்லை, சூடு இல்லை, கார்டை எடுத்து லேப்டாப்பில் நகலெடுத்தால் பேக்கப் முடிந்தது. ஒரே ஒரு பழைய இயந்திரம் வைத்திருப்பவர், பழைய ஜிப் டிஸ்க் எதுவும் கையில் இல்லாதவர், கிடைக்கிற பணத்தை அதில் போடட்டும்.

ஆனால் அண்ணாவின் செருப்புப் பெட்டியை எஸ்டி கார்டுக் கருவி படிக்காது. பழைய டிஸ்குகள் வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. விளம்பர வடிவமைப்பாளர்கள், அச்சகங்கள், பல்கலைக்கழக மாணவர்கள் எல்லாம் தொண்ணூறுகளின் பின்பாதியில் தங்கள் வேலையை ஜிப்பில்தான் வைத்திருந்தார்கள். படிக்கும் டிரைவ் வருடத்துக்கு வருடம் குறைகிறது. ஒழுங்காக ஓடும் டிரைவ் ஒன்றை வைத்திருப்பவர் தன் வட்டாரத்துக்கே உபகாரம் செய்கிறார் என்பது என் எண்ணம்.

அன்றாடப் பயன்பாட்டிலும் ஒரு வசதி இருக்கிறது. எஸ்டி கார்டில் இமேஜ் கோப்புக்குப் பெயர் வைத்து, கார்டைப் பிடுங்கி, லேப்டாப்பில் சொருகி, மறுபடி மாட்டி என்று ஒவ்வொரு தடவையும் பழைய இயந்திரத்தை விட்டு எழுந்துபோக வேண்டியிருக்கிறது. ஜிப்பில் டிஸ்கை டிராஷுக்கு இழுத்தால் வெளியே தள்ளுகிறது, அடுத்ததைப் போட்டால் ஐகான் வருகிறது. மேற்புற ஜன்னல் வழியாக உள்ளே எந்த டிஸ்க் என்று எழுதியிருப்பதைப் படிக்கலாம். எட்டு வயது மகள் தன் டிஸ்கில் தன் பெயரை எழுதி, தானே போட்டு, தானே எடுத்து வைக்கிறாள். அவளுக்குக் கோப்பு என்பது கையில் பிடிக்கிற ஒன்றாகப் புரிகிறது.

சைக்வெஸ்ட்டைப் பற்றியும் கேட்பார்கள். ஜிப்புக்கு முன்னால் 44, 88 மெகாபைட் கேட்ரிட்ஜ்களோடு அச்சுத் தொழிலில் கோலோச்சியது அது. 1998-ல் திவாலாகி, பிறகு அதன் சொத்துகளை ஐயோமெகாவே வாங்கியது. பழைய சைக்வெஸ்ட் கேட்ரிட்ஜ் கையில் இருந்தால் ஒழிய அதைத் தேடிப் போக நான் சொல்லமாட்டேன். டிரைவும் கனம், நல்ல கேட்ரிட்ஜும் அரிது.

ஜிப் 250 ஸ்கஸி டிரைவ் மலிவாகக் கிடைத்தால்? 100 டிஸ்கைப் படிக்கும், எழுதவும் செய்யும், ஆனால் எழுதும்போது மிகவும் மெதுவாகிவிடும். 750 டிரைவ் 100 டிஸ்கைப் படிக்க மட்டும் செய்யும். மீட்பு வேலை மட்டும் என்றால் அவை போதும். பழைய இயந்திரத்தோடு தினமும் புழங்க 100 டிரைவேதான்.

நான் டிரைவுக்குக் கொடுத்தது 25 டாலர். புதிதாக வந்தபோது டிரைவ் கிட்டத்தட்ட 200 டாலர், டிஸ்க் ஒன்று 20 டாலர். வாங்குவதானால் டிரைவோடு அசல் கேபிள், 5 வோல்ட் அடாப்டர் இரண்டும் சேர்ந்து வரும் விற்பனையைப் பாருங்கள், கூடவே ஒரு யுஎஸ்பி ஜிப்பும் வாங்கிவிடுங்கள். டிஸ்க் கைக்கு வந்த அன்றே அதில் இமேஜ் எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. மின்சாரம் போய் டிஸ்க் உள்ளே மாட்டிக்கொண்டால் பின்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கிறது. அடாப்டரைக் கழற்றிவிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக உள்ளே தள்ளினால் டிஸ்க் முன்னால் வந்துவிடும்.